இறக்கி வைக்கிற இடம்

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாயிற்று. அடுத்தது அட்டை. ஸ்டோர்களில் ஒவ்வொரு சாமானுக்கும் நூல் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே பழுப்பு அட்டை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நான்கு ஹார்ட் டிஸ்க், அவற்றுக்கு நான்கு அட்டை. ஸ்டோர் அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வலது கண்ணை அட்டைக்கு ஒட்டக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். எதில் எந்த விளையாட்டு, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, என்றைக்கு வைத்தது, எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. நேற்றும் இதையேதான் பார்த்தார். இருந்தாலும் இதைப் பார்த்து முடித்தால்தான் வேலை முடிந்து வந்து குடிக்கிற டீ தொண்டையில் இறங்கும்.

"சரக்கு சரியா இருக்கு."

"பின்ன? எழுந்து நடந்தா போயிருக்கும்?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அது கணவருடைய குரல். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்; கண்ணாடிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும்.

ஒரு தடவை நூல் அவிழ்ந்து, அட்டை விசிறியில் மாட்டி, பெட்டி முழுக்கப் பழுப்புத் தூளாகப் பறந்தது. பார்த்தவர்கள் இதோடு இந்தக் கூத்து ஒழியும் என்று நினைத்தார்கள். அக்கா முடிச்சை இரட்டை முடிச்சாக்கினாரே தவிர அட்டையை விடவில்லை.

அவர் வேலை பார்ப்பது ஒரு பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில். கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல், அதன் பின்னால் ஒரு முக்காலி, முக்காலிக்குப் பின்னால் கூரை வரைக்கும் இரும்பு ராக்குகள். இருபத்தேழு வருஷமாக அந்த முக்காலி அவருடையது. ஓய்வுபெறப் போகிற மேனேஜர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்; கூப்பிடாவிட்டால் சாமான் வராது. "சீட்டு இல்லாம நட்டு கூட கெடையாது" என்பது அவர் வேதவாக்கு. இரண்டாவது வேதவாக்கு, "எதையும் தூக்கிப் போடாதே, ஒருநாள் கேட்டு வருவாங்க." பதினாலு வருஷமாக யாரும் ஓட்டாத ஒரு வண்டியின் கேஸ்கெட்டைப் பதினைந்தாவது வருஷம் ஒருவர் கேட்டு வந்தார். அக்கா நாற்காலி போட்டு ஏறி, மேல் ராக்கில் கைவிட்டு, தூசியைக்கூடத் தட்டாமல் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் அந்த டிப்போவில் புதிதாகச் சேர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் அன்றைக்குக் காலையில்.

ஆகவே அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து எந்த விளையாட்டும் வெளியே போனதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆடி முடித்ததும் அங்கேதான், ஐந்து நிமிஷம் ஆடிப் பிடிக்காமல் விட்டதும் அங்கேதான். இடம் போதாத போதெல்லாம் ஒரு டிஸ்க் கூடும். நாலுக்கும் பெயர் உண்டு. நடுவில் இருப்பவை இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, அதனால் இரட்டையர். கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருள் அவற்றில் ஒன்றில் தனியாகக் குடியிருக்கிறது, விளையாட்டுக்கு அங்கே இடமில்லை. மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய, சுழலாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் சின்னவள். சத்தமே கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாள், ஆனால் வயிறு சின்னது. எல்லாருக்கும் அடியில், டிப்போவின் பழைய டிக்கெட் கணக்குக் கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்டபோது சீட்டு எழுதிக் கேட்டு வாங்கி வந்த கனமான டிஸ்க். அவர் பெரியவர். அவரிடம் மட்டும் அக்கா மரியாதைப் பன்மையில் பேசுவார்.

விளையாட்டு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் இடது கண் பிறவியிலேயே சோம்பேறி. பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும், பார்க்கச் சொன்னால் பார்க்காது. இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுக்கப் போனபோது, எதிரே வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தகுதியில்லை என்று காகிதத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலு கண்ணாடிக் கடை ஏறினார். மூன்று கடையில் மூன்று கண்ணாடி விற்றார்கள். நாலாவது கடையில் இருந்த இளைஞர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கண்ணாடி கெடையாதுங்க. காசை வீணாக்காதீங்க" என்றார். அக்கா அவரைத்தான் கட்டிக்கொண்டார்.

அப்புறம் வண்டிகளுக்குள்ளேயே வேலை கிடைத்தது. கிளட்ச் தட்டு, பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட் என்று ஒரு வண்டிக்கு உண்டான அத்தனையும் அவர் கைவழியாகத்தான் போகும். வண்டி மட்டும் ஜன்னலுக்கு வெளியே கிளம்பிப் போகும். ஆறு வருஷத்துக்கு முன்னால் உறவுக்காரர் வீட்டில், சும்மா ஒரு பந்தய விளையாட்டின் முன்னால் உட்காரவைத்தார்கள். முதல் வளைவை அக்கா கச்சிதமாகத் திருப்பினார். இரண்டாவதையும் திருப்பினார். திரை தட்டை, அதில் தூரம் என்பதே பொய். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவர்களுக்கு அங்கே ஒரு சலுகையும் கிடையாது.

"திரைக்கு முன்னாடி எல்லாருமே ஒத்தக்கண்ணுதாங்க!" என்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னார் அக்கா. கண்ணாடிக்காரர் மறுமாதமே கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது சனிக்கிழமை என்றால் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை அக்கா இந்த உலகத்தில் இல்லை. நாலு பேர் கொண்ட ஒரு அணி; ஐந்தாவது ஆளுக்கும் இடம் உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். சனிக்கிழமை மதியம் அவர் கிளினிக் மூடியிருக்கும், அதனால்தான் அந்த நேரம். வழி சொல்வது ஒரு கணக்கு டீச்சர். காவல் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஓட்டுவது அக்கா. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். வெள்ளம் சூழ்ந்த ஒரு நகரத்தில், துரத்துகிறவர்களிடம் சிக்காமல் ஒரு மருந்து வேனை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் உடைந்து, இங்கொரு பள்ளம் அங்கொரு பள்ளமாக, வளைந்து வளைந்து போக வேண்டிய பாலம்.

அந்தப் பாலத்திலிருந்து அவர்கள் பதினொரு தடவை ஆற்றில் விழுந்திருக்கிறார்கள்.

அக்கா ஓட்டியதில் குற்றமில்லை. பாலத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் அவருடைய திரை உறைந்து நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. மறுபடி உயிர் வரும்போது வேன் தண்ணீருக்குள் இருக்கும், காதில் டீச்சரின் "ஐயோ" இருக்கும். டீச்சர் பதினொரு தடவையும் ஒரே சுருதியில் "ஐயோ" சொன்னார்.

பதினோராவது தடவைக்கு அப்புறம் டாக்டர் தொண்டையைச் செருமினார். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசுகிற தொழில் அல்லவா. "அக்கா, கொஞ்சம் உறுத்தும், ஆனா சொல்லிடறேன். அடுத்த சனிக்கிழமைதான் போட்டியோட கடைசித் தகுதிச் சுற்று. லிஃப்ட்காரரோட மச்சினர்கிட்ட புது மெஷின் இருக்கு. அவர் ஓட்டட்டும். நீங்க மருந்துப் பெட்டி தூக்குங்களேன்?"

"இன்னும் ஒரு வாரம் குடுங்க டாக்டர்" என்றார் அக்கா. "ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாலத்தை ஒரு தடவை தாண்டிக் காட்டறேன். விழுந்தேன்னா நானே எறங்கிக்கறேன்."

மருந்துப் பெட்டி தூக்குவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டு, வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத்தான் அவர் இருபத்தேழு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார். அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்பட்டன.

திங்கட்கிழமை அக்கா தனியாகப் பயிற்சிக்கு உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா காதில் ஹெட்போன். வேன் பாலத்தில் ஏறியது, உறைந்தது, விழுந்தது. அரைமணி கழித்து மறுபடியும் ஏறியது, உறைந்தது, விழுந்தது. கண்ணாடிக்காரர் மனைவியின் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, நீ விழறதுக்கு முன்னாடி உள்ள யாரோ தூக்கத்துலேர்ந்து எழுந்து தொண்டையைக் கனைக்கிறாங்களே, யாரு அது?"

அக்கா ஹெட்போனைக் கழற்றினார். அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிற ஆளுக்குப் பெட்டியின் சத்தம் எப்படிக் கேட்கும்? இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பாலத்தில் ஏறினார், இந்தத் தடவை வெறும் காதோடு. பெட்டியின் அடியிலிருந்து "க்ர்ர்ர்ர்ம்" என்று ஒரு கனைப்பு. திரை உறைந்தது. வேன் ஆற்றில்.

"பெரியவர்!" என்றார் அக்கா.

கண்ணாடிக்காரருக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினார். "ரேம்ங்கறது மெக்கானிக்கோட மேசைங்க. வேலைக்கு வேண்டிய சாமான் எல்லாம் மேசை மேல இருக்கணும். மேசை ரொம்பிடுச்சுன்னா, இப்ப வேண்டாததைக் கொஞ்ச நேரம் எங்கயாவது எறக்கி வைக்கணுமில்ல? வேணும்னா திருப்பி எடுத்துக்கணும். அந்த எறக்கி வைக்கிற எடத்துக்குப் பேருதான் வர்ச்சுவல் மெமரி. நான் அதைப் பெரியவர்கிட்ட குடுத்து வச்சிருந்தேன்."

"அவர்கிட்ட ஏன் குடுத்தே?"

அதற்குக் காரணம் இருந்தது. டிப்போவில் லாரி வந்து சரக்கு இறக்குகிற இடமும் மெக்கானிக்குகள் சாமான் வாங்குகிற ஜன்னலும் ஒரே பக்கம் இருந்தால் இடியும் மோதலும்தான். அக்கா சண்டை போட்டு இரண்டையும் வேறு வேறு பக்கம் ஆக்கியவர். அதே கணக்கில், விளையாட்டு ஒரு டிஸ்க்கில், இறக்கி வைக்கிற இடம் வேறொரு டிஸ்க்கில். எல்லா டிஸ்க்கும் சுழல்கிற காலத்தில் அது நல்ல யோசனைதான். அளவும் தரையில் மஞ்சள் கோடு போட்ட மாதிரி, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று நிர்ணயித்திருந்தார். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"அவருக்கு வேற வேலையே இல்லைங்க. சும்மா உக்காந்திருந்தா மனசு விட்டுப்போயிடுமேன்னு..."

பெரியவருக்கு மனசு விடவில்லை, கண் அசந்திருக்கிறது. இருபது நிமிஷம் யாரும் கூப்பிடாவிட்டால் சுழற்சியை நிறுத்திவிட்டு ஓய்வெடுக்கும்படி அவருக்கு ஏற்பாடு. பாலத்தின் நடுவில்தான் விளையாட்டு அக்கரை ஊரை மேசைக்குக் கொண்டுவரும். மேசை நிரம்பும். இறக்கி வைக்க ஓடும். பெரியவர் எழுந்து, கனைத்து, சுழன்று, "என்ன விஷயம்?" என்று கேட்பதற்குள் மூன்று விநாடி. நாலு பேர் ஆற்றில்.

ஓய்வே எடுக்காதபடி அமைப்பை மாற்றிப் பார்த்தார். கனைப்பு போயிற்று, உறைதல் ஒரு விநாடியாகக் குறைந்தது. அந்தப் பாலத்துக்கு ஒரு விநாடியே தாராளம். வேன் கொஞ்சம் கௌரவமாக விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இறக்கி வைக்கிற இடத்தைச் சின்னவளிடமே கொடுத்தால்தான் ஆகும் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் சின்னவள் வயிறு முட்ட இரண்டு பேரைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒன்று இந்த மருந்து வேன். இன்னொன்று கண்ணாடிக்காரரின் ஏரி.

ஏரி என்பது ஒரு மீன்பிடி விளையாட்டு. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் கண்ணாடிக்காரர் அதன் கரையில் உட்காருவார். தூண்டில் போடுவார், பிடிப்பார், மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார். ஒரே மீனை மூன்று தடவை பிடித்ததாக அவருக்கு ஒரு சந்தேகம். கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவர் அந்த ஒரு ஏரியைத் தவிர அதில் வேறெதுவும் கேட்டதில்லை. அதனால் அக்காவுக்கு வாய் வரவில்லை. செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், அட்டையா இடம் கொடுக்கும்?

வியாழக்கிழமை கண்ணாடிக்காரரே ஆரம்பித்தார். "ஏரியைத் தூக்கிப் பெரியவர்கிட்ட போட்டா உனக்கு எடம் கெடைக்குமா?"

"கெடைக்கும். ஆனா ஏரி வர நாலு நிமிஷம் ஆகுங்க. இப்ப பத்து செகண்ட்ல வருது."

"ஏரிக்கு என்ன அவசரம்? மீனுக்கும் அவசரமில்ல, எனக்கும் அவசரமில்ல. பெரியவருக்கும் ஒரு வேலை ஆச்சு."

அக்கா உள்ளே போய் ஒரு சீட்டு எழுதினார். 'ஏரி ஒன்று, சின்னவளிடமிருந்து பெரியவருக்கு.' கீழே பெற்றுக்கொண்டவர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கண்ணாடிக்காரர் அதில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவர், எதில் சிரிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வேலையில் இறங்கினார். ஏரி பத்திரமாகப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தது. பெரியவரிடமிருந்த இறக்கி வைக்கிற இடத்தை எடுத்தாயிற்று, ரீஸ்டார்ட் செய்தாயிற்று. இனி சின்னவளிடம் இருபத்துநாலு ஜி.பி.க்கு மஞ்சள் கோடு போட்டால் முடிந்தது. அதை மட்டும் செய்துவிட்டு எழுந்திருந்தால் இந்தக் கதையில் பாதி இருந்திருக்காது.

டிஸ்க்குகளின் பட்டியலைத் திறந்ததுதான் வினை. நாலு டிஸ்க்குக்கும் ஆளுக்கொரு எழுத்து. மேலிருந்து கீழே பெட்டியில் எப்படி அடுக்கியிருக்கிறதோ அந்த வரிசைக்கும் இந்த எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாட்டிய நேரத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்ட எழுத்துகள். ஈ, சி, எஃப், டி. மேல் ராக்குக்கு ஈ, அடி ராக்குக்கு டி! ஆறு வருஷமாக இது அக்காவின் கண்ணில் விழுந்த தூசி. ராக்கு எண்கள் வரிசை தப்பி இருப்பதைப் பார்த்தாலே அவருக்குக் கை அரிக்கும். கை வைத்ததே வைத்தோம், இதையும் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று தோன்றியது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

சி-யை மட்டும் கம்ப்யூட்டர் மாற்ற விடவில்லை. மற்ற மூன்றையும் மாற்றினார். சின்னவள் டி, இரட்டையரில் மற்றவன் ஈ, பெரியவர் எஃப். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மஞ்சள் கோட்டையும் போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக் குடித்தார்.

கம்ப்யூட்டர் எழுந்தது. விளையாட்டுகளின் பட்டியலைத் திறந்தார். ஒன்றும் இல்லை. ஆறு வருஷச் சேமிப்பு, ஒருநாள் கேட்டு வருவார்கள் என்று வைத்திருந்தது, பிடித்தது, பிடிக்காதது, எல்லாவற்றுக்கும் நேரே சாம்பல் நிறம் படிந்து கிடந்தது. ஏரியைக் காணோம். மருந்து வேனைக் காணோம். வேனின் பெயரை அழுத்தினால், 'இந்த விளையாட்டு உங்கள் கணினியில் இல்லை, நூற்றுநாற்பது ஜி.பி. தரவிறக்கவா?' என்று கேட்டது. அவர்கள் வீட்டு இணைய வேகத்துக்கு மீதி நேரம்: இரண்டு நாள்.

நாளை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம்.

அக்கா பெட்டிக்குள் தலையை விட்டு அட்டைகளைத் திருப்பினார். அட்டைப்படி எல்லாச் சரக்கும் இருக்கிறது. திரைப்படி ஒன்றுமே இல்லை. டீ கிளாஸ் கையில் இருப்பது மறந்து கொஞ்சம் சிந்தியது. "முதலுக்கே மோசம் பண்ணிட்டேங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"உங்க ஏரியும் போச்சுங்க. பத்திரமா எடுத்து வச்சேன். சீட்டெல்லாம் எழுதி வச்சேன்..."

கண்ணாடிக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒரு தூண்டிலும் ஒரு ஏரியும்தான் தெரியும். ஆனால் தினமும் சாயங்காலம் டிப்போ கதை கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "பதறாதே. ஒண்ணொண்ணா சொல்லு. எதை எடுத்தே, எதை வச்சே?"

அக்கா சொன்னார். எழுத்து மாற்றியதை மட்டும் கடைசியில், கொஞ்சம் சின்னக் குரலில் சொன்னார்.

கண்ணாடிக்காரர் தாடையைத் தடவினார். "எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கேக்கறேன். நீ லீவுல இருந்தப்ப ஒருத்தர் வந்து ராக்கு நம்பரையெல்லாம் அழகா வரிசைப்படுத்தி வச்சாரே, கார்டுல பழைய நம்பரையே விட்டுட்டு. மூணு நாள் டிப்போவுல ஒரு போல்ட்டு கூட கெடைக்கலேன்னு சொன்னியே. அவரை நீ என்ன சொல்லித் திட்டினே?"

அக்கா அன்றைக்குத் திட்டியதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. சாமான் அத்தனையும் வைத்த இடத்தில்தான் இருந்தது. கார்டு மட்டும் வேறு ராக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போதும் அதேதான். விளையாட்டுகள் எல்லாம் பழைய எழுத்தைத் தேடிப் போய்க் கதவைத் தட்டுகின்றன; அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சமாதானம் ஆகலாம். ஆனால் இந்த யானை இருபத்தேழு வருஷமாக மற்ற எல்லாருக்கும் வழுக்கும் என்று கத்திக்கொண்டே இருந்த யானை.

"சிரிச்சுக்கோங்க" என்றார் அக்கா.

"நான் சிரிக்கலையே."

"உள்ளுக்குள்ள சிரிக்கறீங்க. தெரியுது."

மஞ்சள் கோட்டை அழித்து, ரீஸ்டார்ட். மூன்று எழுத்தையும் பழையபடி மாற்றி, மறுபடி ரீஸ்டார்ட். கோட்டைத் திரும்பப் போட்டு, இன்னொரு ரீஸ்டார்ட். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பட்டியல் திறந்தபோது எல்லாப் பெயரும் நிறம் பெற்று வந்து நின்றது. அக்கா முதலில் அழுத்தியது வேனை அல்ல, ஏரியை. நாலு நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் வந்தது, கரை வந்தது, கடைசியாக ஒரு தவளைச் சத்தம் வந்தது. "உங்க ஏரி இருக்குங்க" என்று சொல்லும்போது அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சோம்பேறிக் கண் உட்பட.

வரிசை தப்பிய எழுத்துகள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்க்காமல் இருக்க அக்கா அந்தப் பட்டியலை அவசரமாக மூடினார்.

சனிக்கிழமை மதியம். கண்ணாடிக்காரர் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, எதையோ மறந்து வைத்துவிட்ட பாவனையில் வீட்டுக்கு வந்து வாசற்படியில் நின்றார். ஹெட்போனில் எல்லாரும் இருந்தார்கள். லிஃப்ட்காரரின் மச்சினரும் இருந்தார், தேவைப்பட்டால் உட்காரத் தயாராக.

"அக்கா, ரெடியா?" என்றார் டாக்டர். "ஒரே ஒரு தடவை. தாண்டிட்டீங்கன்னா டிரைவர் சீட்டு உங்களுது."

"ஏறிட்டேன் டாக்டர்."

வேன் கிளம்பியது. பின்னால் துரத்துகிற விளக்குகள். முதல் பள்ளத்தை இடதுபக்கமாக ஒடித்துத் தாண்டினார். இரண்டாவதை வலதுபக்கம். பாலத்தின் நடுப்பகுதி வந்தது. டீச்சர் "ஐயோ"வுக்கு மூச்சை இழுத்துத் தயாராக வைத்துக்கொண்டது அக்காவின் காதில் கேட்டது. வாசற்படியில் நின்றவர் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் உறையவில்லை. மூன்றாவது பள்ளம், நாலாவது, அப்புறம் ஒரு சரிவு. சக்கரத்துக்கு அடியில் பாலத்தின் சத்தம் மாறி, தரையின் சத்தம் வந்தது.

யாரும் கத்தவில்லை. பதினொரு தடவை விழுந்தவர்கள் யாரும், விழாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. டீச்சர் இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் இருமினார்.

"அக்கா..." என்றார் லிஃப்ட்காரர். மச்சினர், "சரி, நான் கெளம்பறேன்" என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டு அணியிலிருந்து வெளியேறினார்.

எதிரே அக்கரை ஊர். அவர்களில் யாரும் பார்த்திராத ஊர். தண்ணீர் வடிந்த ஒரு அகலமான தெரு, இருண்ட கடைகள், நாலு சாலை கூடுகிற ஒரு இடம், எரியாமல் தொங்குகிற ஒரு போக்குவரத்து விளக்கு. ஒரு மனிதர் இல்லை, ஒரு வண்டி இல்லை.

"இந்தப் பக்கம் எனக்கு வழி தெரியாதே" என்றார் டீச்சர்.

"ஆஸ்பத்திரி போர்டு தெரியுது, இடது பக்கம்" என்றார் டாக்டர். "அக்கா, சீக்கிரம், பின்னாடி வந்துட்டானுங்க! திருப்புங்க, திருப்புங்க!"

ஸ்டோர் அக்கா சந்திப்பில் வேனை நிறுத்தினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, லைசென்ஸுக்குப் படித்துவைத்தபடியே தலையை வலதுபக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். இடதுபக்கம், நல்ல கண்ணுக்கு எட்டும்படி, இன்னும் நன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த அணியில் இதுவரை யாரும் தொட்டிராத ஒரு விசையைத் தேடிப் பிடித்து அழுத்தி, இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டார்.